ஒரே ஒரு காலேஜ் போதும் என்று நீ சொன்ன பிறகு

சாமு, இதை ரயிலில் உட்கார்ந்து படி. மாரிகுப்பத்தில் ஏறுகிறவனுக்கு ஜன்னலோர இடம் எப்படியும் கிடைத்துவிடும். பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறுவதற்குள் படித்து முடித்துவிடு. அதற்குப் பிறகு பக்கத்தில் உட்காருகிறவன் உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பான், நம் ஊர்க்காரனாக இருந்தால் சாயங்காலத்துக்குள் கதை ஆண்டர்சன்பேட்டை வரை போய்விடும். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். என் கண்ணுக்கு இதற்கு மேல் நேராக எழுத வராது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நீ சிரிப்பாய். நான் வேறு என்ன செய்ய? தங்கச் சுரங்கத்தில் துளை போடும் மிஷின் பக்கத்தில் நின்று உன் நைனாவின் காது போனதிலிருந்து இந்த வீட்டில் எதையும் உரக்கத்தான் பேச வேண்டியிருக்கிறது. உரக்கப் பேசினால் நல்ல விஷயம்கூடச் சண்டை மாதிரி ஆகிவிடுகிறது. லைன் வீடு வேறு. நாம் இங்கே இருமினால் பக்கத்து வீட்டில் செல்வி சுக்குக் காப்பி போட எழுந்துவிடுவாள். அடுத்த வாரம் நீ விண்ணப்பம் போட வேண்டிய கடைசித் தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன். “எம்.எஸ்சி.க்கு எத்தனி காலேஜுக்குடா போடப் போற?” நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “ஒண்ணு போதும்மா, பெங்களூரு மட்டும்” என்றாய். “உங்க சாரு அஞ்சாறு சொன்னாருன்னியே?” என்றேன். அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை இத்தனை நாளாகப் பிடித்து ஆட்டுகிறது. “அதெல்லாம் தூரம்மா. இதுன்னா காலைல ட்ரெய்ன்ல போய்ட்டு ராத்திரி வூட்டுக்கு வந்துடலாம். சனிக்கிழமையானா உன்னை கோலாரு ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிகினு போவாங்க?” இதைச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாய். நான் ஊற்றினேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மறைக்க மாட்டேன். “உன் இஷ்டம்டா” என்று பட்டும் படாமல் சொல்லிவிட்டு உள்ளே போய், அன்றைக்கு யாருக்கும் பிறந்தநாள் இல்லை, பண்டிகை இல்லை, சேமியா பாயசம் வைத்தேன். “இன்னாமே விசேஷம்?” என்று உன் நைனா கேட்டார். “உங்க புள்ள எங்கேயும் போவலையாம்! வூட்ல இருந்தே படிக்கப் போறானாம்!” என்று அவர் காதருகே கத்தினேன். அவர் முகம் மலர்ந்தது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். செல்வி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து பாயசம் வாங்கிப் போனாள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை என்றாலும், பெண் பார்ப்பது என்றாலும், ஆஸ்பத்திரி என்றாலும் முதல் கேள்வி, “அங்க நம்ம ட்ரெய்ன் போவுமா?” என்பதுதான். போகும் என்றால் நல்ல இடம். போகாது என்றால் அது ஏதோ வெளிநாடு மாதிரி. சுரங்கம் மூடிய பிறகு இந்த ரயில்தான் நமக்குச் சோறு போட்டது. அந்த நன்றியில் கண்ணை மூடிக்கொண்டோம். பிள்ளைகள் எந்தக் காலேஜில் படிக்கலாம் என்பதையும் ஸ்டேஷன் பெயர்களை வைத்தே முடிவு செய்துகொண்டிருக்கிறோம். மாலூரா, ஒயிட்ஃபீல்டா, கே.ஆர்.புரமா, இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், இதுதான் பேச்சு. அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எந்தத் தாயும் கேட்டு நான் பார்த்ததில்லை. லேடீஸ் பெட்டியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எத்தனையோ பேருடைய பிள்ளைகளுக்கு நானே இப்படி இடம் சொல்லியிருக்கிறேன். பெரிய அதிகாரி சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அதே ரயிலில்தான் நான் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் வந்தேன். நீ தூங்கும்போது கிளம்புவேன், நீ தூங்கிய பிறகு வருவேன். நீ முதல் முதலில் என்ன வார்த்தை பேசினாய் என்று எனக்குத் தெரியாது. “தண்ணின்னு சொன்னான்க்கா” என்று உன்னைப் பார்த்துக்கொண்ட செல்விதான் சொன்னாள். அவள் பொய் சொன்னாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. ரயில் என்னைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். உண்மையில் அது கொண்டுவந்து போட்டது ஒரு களைத்துப்போன உடம்பை. இந்த ஒரு வருஷமாக பெங்களூரில் அந்த பில்லிங் வேலைக்குப் போய்விட்டு நீயும் அப்படித்தான் வருகிறாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுகிறாய். அதே மாதிரி இன்னும் இரண்டு வருஷம் போய் வந்துகொண்டே நீ எப்போது புத்தகத்தைத் திறப்பாய் என்று நான் பாயசம் கிளறும்போது நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

எத்தனை காலேஜுக்குப் போடுவது என்பதற்குக் கணக்கு ஏதும் உண்டா? உனக்குத்தான் தெரியும், நீதான் புள்ளியியல் படிக்கப் போகிறவன். அது என்ன படிப்பு என்று எனக்கு இன்னும் புரிந்தபாடில்லை. செல்வியின் மகன் அருண் இருபதுக்கு மேல் போட்டான், ஞாபகம் இருக்கிறதா? பேர் தெரிந்த காலேஜ், தெரியாத காலேஜ், விளம்பரத்தில் பார்த்த காலேஜ், ஒன்றையும் விடவில்லை. செல்வியும், “எதுலயாவது வுழுந்துடும்க்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதிலோ விழுந்தது. அது அவனுக்கு வேண்டாத பாடம், வேண்டாத ஊர், பாதியில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவனை நீ கிண்டல் பண்ணினாய். ஆனால் யோசித்துப் பார், அவன் எங்கேயும் கிடைக்காதோ என்ற பயத்தில் அத்தனை போட்டான். நீ எங்கேயாவது கிடைத்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்று மட்டும் போடுகிறாய். கோபப்படாதே. நீ உன் சாரைப் பார்த்துவிட்டு வந்த அன்று கை கழுவிக்கொண்டே, “கொல்கத்தாலதான்மா இந்தப் படிப்புக்கே பேரு” என்று சொன்னாய். உன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அந்த ஊர்ப் பெயரை நீ வாயில் எடுக்கவே இல்லை.

பெங்களூர் ஒன்று மட்டும் போட்டு, அதுவும் கிடைக்கவில்லை என்றால் என்ன ஆகும்? இன்னொரு வருஷம் பில்லிங், இன்னொரு வருஷம் அதே ரயில். அப்புறம் நீயே, “படிப்பு இன்னாத்துக்கும்மா” என்பாய். நானும் சரி என்பேன். அப்படித்தான் இந்த ஊரில் எத்தனையோ பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. அவர்கள் வீட்டிலும் எல்லோரும் பாசமாகத்தான் இருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு வெள்ளிக்கிழமைதான் உறைத்தது. எஸ்தர் அக்கா வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஒவ்வொருத்தியும் தன் குறையைச் சொல்வாள், எஸ்தர் அக்கா அதைச் சொல்லி ஜெபிப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வோம். என் முறை வந்தது. “எம் மவனுக்கு பெங்களூருல சீட்டு கெடைக்கணும்க்கா. வேற எங்கயும் போவாம வூட்டோட இருந்து படிக்கணும்” என்றேன். எஸ்தர் அக்கா ஜெபத்தைப் பற்றி உனக்குத் தெரியும், பாதிக்கு மேல் போனால் அவருக்கு ஆவேசம் வந்துவிடும். கையைத் தூக்கிக்கொண்டு, “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு இந்த ஒரு வாசலைத் திறந்து கொடும். மத்த வாசல்களை எல்லாம் அடைச்சுப் போடும் ஆண்டவரே, அடைச்சுப் போடும்!” என்று சத்தமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்கதோஷம், நானும் ஆமென் என்றுவிட்டேன்.

பெற்ற பிள்ளை கதவைத் தட்டுவதற்கு முன்பே, அவன் முகத்துக்கு நேராக எல்லாக் கதவையும் சாத்தச் சொல்லி ஆள் வைத்து ஜெபித்திருக்கிறேன். எஸ்தர் அக்காவைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்டதைத்தான் அவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். டீ கொடுத்தார்கள், நான் தொடவில்லை. “இன்னாக்கா, சுகர் ஏறிடுச்சா?” என்று செல்வி கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் ஒரு யோசனை சொன்னேன். மறுநாள் சனிக்கிழமை கோலார் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூப்பிடாமல் நாங்கள் இருவரும் போய் வருவது. நீ ஆபீசில் ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லியிருந்தாய், அதுவும் வசதியாகப் போயிற்று. “நாம ரெண்டு பேரே போய்ட்டு வந்துட்டோம்னா, அவனுக்கு எங்க வேணாலும் போடுடான்னு தைரியமா சொல்லலாம்” என்றேன். உன் நைனாவுக்குப் பிடிக்கவில்லை. “அவனே போதும்னு சொல்றான். நீ இன்னாத்துக்குக் கிளறிகினு கீற?” என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து அவரே, “எனுக்குக் கண்ணு தெரியுது, உனுக்குக் காது கேக்குது. ரெண்டும் சேந்தா ஒரு முழு ஆளுதானேமே?” என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு கிளம்பினோம்.

நன்றாகத்தான் போயிற்று. பஸ் போர்டை அவர் படித்தார். பெயர் கூப்பிட்டதை நான் கேட்டேன். டாக்டர் சொன்னதை அவர் காதில் நான் கத்த, வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் என் சர்க்கரை அளவு தெரிந்துவிட்டது. அப்புறம் அவர் மருந்து வாங்கி வருகிறேன், நீ இங்கேயே உட்கார் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், எதிரில் நிற்பது ஆளா தூணா என்றே தெரியவில்லை. ஒரு பெண் வந்து, “அஜ்ஜி, இல்லி கூத்கோபேடி” என்று சொல்லி என்னை அங்கே உட்கார வேண்டாம் என்று எழுப்பி வேறொரு வராந்தாவில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். என்னைக் கிழவி என்கிறாளே என்ற எரிச்சலில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்று கவனிக்காமல் விட்டேன்.

உன் நைனா திரும்பி வந்து பார்த்தால் நான் அங்கே இல்லை. போன் அடித்தேன். அவருக்கு மணி அடிப்பது கேட்கவில்லை. அவர் எனக்கு அடித்து, “எங்கமே கீற? எங்கமே கீற?” என்று கத்துகிறார், நான் சொல்லும் பதில் அவருக்குக் கேட்கவில்லை. யாரிடமாவது கொடுத்துப் பேசச் சொல்லலாம் என்ற புத்திகூட எங்களுக்கு வரவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்து, இன்னும் தள்ளிப் போய்விட்டேன். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பேன் என்று அவர் அங்கே ஓடியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி, ஆஸ்பத்திரி வாசலில் நின்று யாரோ அழுகிற சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்துத்தான் அது உன் நைனா என்று தெரிந்துகொண்டேன். அந்த மனுஷன் அழுது நான் கேட்டதே இல்லை. சுரங்கத்தை மூடிய அன்றைக்குக்கூட அவர் பீடி பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி நீ வந்து, “இன்னாமா, ரெண்டு பேரு மூஞ்சியும் இப்டி கீது?” என்று கேட்டாய். “ஒண்ணும் இல்லடா, வெயிலு” என்றேன். உன் நைனாவுக்கு நீ கேட்டது காதில் விழவில்லை, விழுந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இதை உன்னிடம் சொல்லாமல் மறைத்து, நாங்கள் ராஜா ராணி மாதிரி போய் வந்தோம், நீ கவலைப்படாமல் எங்கே வேண்டுமானாலும் போ என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். எழுதியும் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். பொய் சொல்லி அனுப்பினால் நாளைக்கு யாராவது ஒருத்தர் உனக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லுவார், நீ பாதியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாய். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு முழு ஆள் இல்லை. முக்கால் ஆள்தான். நீ இல்லாவிட்டால் எங்களுக்குக் கஷ்டம். பயமாகவும் இருக்கிறது சாமு. ராத்திரி நீ செருப்போடு தூங்கும் அந்தச் சத்தமில்லாத நேரம்கூட எனக்கு வீடு நிறைந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் அந்தக் கஷ்டம் எங்களுடையது. செல்வியைச் சனிக்கிழமை என்னோடு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறாள். வாய் ஓயாமல் பேசுவாள், பரவாயில்லை, எங்கே இருக்கிறாள் என்று தேடவேண்டிய அவசியம் இருக்காது. உன் நைனா காது மிஷினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, “கிழவன் மாதிரி இருக்கும்” என்கிறார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் சரியாக நடக்கும், ஒரு நாள் மறுபடி யாராவது தொலைவோம். அன்றைக்கு உனக்குச் சொல்லுவேன், நீ அங்கே உட்கார்ந்து கவலைப்படுவாய், ஆனால் கிளம்பி வரக் கூடாது. உன் நைனாவிடம் இதையெல்லாம் கத்திச் சொன்னேன். அவர், “கொல்கத்தாக்கு இங்கேர்ந்து ட்ரெய்ன் போவுமா?” என்று கேட்டார். “பெங்களூரு போய் மாறணும்” என்றேன். “போவுதில்ல, அப்போ போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதனால் நீ போடு. உன் சார் சொன்ன எல்லாவற்றையும் ஒரு தடவை உட்கார்ந்து பார். அருண் மாதிரி கண்ட இடத்துக்கும் போடாதே. எங்கே சீட்டு வந்தால் உனக்கு அன்று ராத்திரி தூக்கம் வராதோ, அங்கெல்லாம் போடு. மூன்றோ ஐந்தோ, எண்ணிக்கை உன் விருப்பம். பெங்களூரையும் போடு, நிஜமாகவே அந்த டிபார்ட்மென்ட் உனக்குப் பிடித்திருந்தால். பட்டியலில் ஏதாவது ஒன்றை அடித்தால், அந்தப் பாடம் பிடிக்கவில்லை, அந்த ஊர் பிடிக்கவில்லை என்பதற்காக அடி. என் கண்ணுக்காகவும் உன் நைனா காதுக்காகவும் ஒரு காலேஜின் பெயரையும் அடிக்காதே. அப்படி அடித்தால், நாளைக்கு உன் பெண்டாட்டியிடம், “எங்கம்மாவுக்காக நான் போகவில்லை” என்று நீ பெருமையாகச் சொல்வாய். அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ மாட்டிக்கொண்டு முழிக்கக் கூடாது. தூரத்தில் எங்கேயாவது சீட்டு வந்துவிட்டால் அதை நீ என்னிடம் வந்து சொல்லுவாய். அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்காதே. அது என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது, அது போகாதே என்றுதான் கேட்கும். வாய் மட்டும் போடா என்று சொல்லும். நீ அந்த வாயைக் கேட்டுக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்ப் பெட்டி கட்டு.

அம்மா